தரங்கம்பாடியில் இரண்டே முக்கால் மணி நேரம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



சுற்றுலா சென்று வந்தவர்களில் ஒருத்தி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதியே தீரவேண்டும் என்பது நம் பள்ளியில் எழுதப்படாத சட்டம். இம்முறை அந்தச் சுமை என் தலையில் விழுந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றியும் வேளாங்கண்ணித் திருத்தலத்தைப் பற்றியும் முந்தைய மலர்களில் அக்காமார்கள் எழுதிவிட்டார்கள். ஆகவே, எங்கள் சுற்றுலாவின் கடைசிக் காலைப் பொழுதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் அவசரம் அவசரமாகப் பார்த்த ஊர் அது, அரைகுறையாகத்தான் பார்த்தோம். ஆனாலும் மூன்று நாளில் நான் கண்ட ஊர்களில் என் மனத்தில் அதிகம் தங்கியது அதுதான்.

‘டென்மார்க் நாட்டுக்குப் போய் வந்தோம்’ என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். காரைக்காலுக்கு வடக்கே, இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில், கடலோரத்தில் இருக்கிறது தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை அது டென்மார்க் மன்னரின் கொடி பறந்த ஊர். இடையில், ஐரோப்பாவில் நெப்போலியன் போர் நடந்தபோது, 1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் அதைப் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தச் சில ஆண்டுகளைக் கழித்தாலும் இருநூறு ஆண்டுக்கு மேல் வருகிறது. கல்கத்தாவுக்கு அருகே செராம்பூரும் அவர்களுக்கு இருந்தது. ஆனால் முதலில் வந்து இறங்கியதும் தலைமையிடமாக வைத்துக்கொண்டதும் நம் தமிழ்க் கடற்கரைதான்.

நிற்க. புறப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் கூடலூரிலிருந்து கிளம்பினோம். நடுவட்டம், ஊட்டி, மேட்டுப்பாளையம் என்று மலை இறங்கும் முன்பே பாதிப் பேருக்கு வாந்தி. முதல் நாள் தஞ்சை, இரண்டாம் நாள் வேளாங்கண்ணி. மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, ஆறரைக்குத் தரங்கம்பாடி சேர்ந்து, நான்கு மணி நேரம் நிதானமாகச் சுற்றிப் பார்த்து, பத்தரைக்கு ஊர் திரும்பவேண்டும் என்பது திட்டம். இரவில் மலை ஏறமாட்டேன், கோவையில் தங்கி விடிந்ததும் ஏறுவேன் என்று ஓட்டுநர் அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார். எனவே பத்தரை என்றால் பத்தரைதான்.

திருமலைராயன்பட்டினத்துக்குப் பக்கத்தில் பேருந்தின் பின் சக்கரம் ‘டப்’பென்று வெடித்தது. மாற்றுச் சக்கரத்தைப் பூட்டி முடிப்பதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. தரங்கம்பாடியில் இறங்கியபோது மணி 7.45. எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடச் சொன்னார் எங்கள் அருட்சகோதரி. சாதாரண நாளில் நின்றுகொண்டு தண்ணீர் குடித்தாலே கண்டிப்பவர் அவர்!

இந்த அவசரத்தில் எனக்கு மட்டும் இன்னொரு கவலையும் இருந்தது. என் அப்பாயி இலங்கையிலிருந்து வந்தவர். 1964ஆம் ஆண்டு நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவாயிற்று. மீதியிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே போடப்பட்டவை என்பது நம்மில் பலருக்கு வீட்டுக் கதை. அப்பாயிக்கு இந்தியா என்று எழுத்து வந்தது. கட்டிக்கொடுத்திருந்த அவருடைய அக்காவுக்கு இலங்கை என்று வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது அப்பாயிக்கு ஏறக்குறைய என் வயது. அதற்குப் பிறகு அவர் அக்காவையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. அக்கா இறந்து பல வருடம் ஆகிறது. செய்தி கடிதத்தில் வந்துசேரவே இரண்டு வாரம் ஆனதாம்.

நான் சுற்றுலாவுக்குக் கிளம்பியபோது அப்பாயி என் கையில் ஐம்பது ரூபாய் கொடுத்து, “கடலப் பாத்தீன்னா, என் அக்காவ ஒரு தரம் கூப்பிட்டுட்டு வா தாயி” என்றார். வேளாங்கண்ணியில் அது முடியவில்லை. நாங்கள் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, கூட்டமும் மிகுதி. கடற்கரைக்கு ஒருத்தியும் போகக்கூடாது, தரங்கம்பாடியில் கடைசிப் பத்து நிமிடம் கடற்கரைதான் என்று அருட்சகோதரி வாக்களித்தார். சக்கரம் வெடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. தோழிகள் நான் பசியால் அழுவதாக நினைத்து ஒரு வாழைப்பழம் தந்தார்கள்.

இனி ஊருக்குள் போவோம்.

தரங்கம்பாடியை அவசரக்காரர்களும் பார்க்கலாம். ஏனெனில் அது மதில் சூழ்ந்த சின்னஞ்சிறு ஊராகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. மேற்கே ஒரு வாயில், கிழக்கே கடல், வாயிலிலிருந்து கடல் வரை நேராக ஒரே ராஜவீதி. வெள்ளை வெளேரென்று நிற்கும் அந்த நகரவாயில் 1792இல் கட்டப்பட்டது. அதற்கு முன்பு அங்கே இருந்த பழைய வாயில் பழுதாகிவிட்டதால் இதைக் கட்டினார்கள். அதன் உச்சியில் டென்மார்க் மன்னரின் முத்திரை. அதன் கீழே ஒரு மீன்காரம்மா கூடையோடு நுழைந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நாங்கள் நாற்பது பேரும் இரண்டிரண்டு பேராக வரிசையாய் நுழைந்தோம்.

உள்ளே போனதும் ஓசை அடங்கிவிடுகிறது. அகலமான தெரு, உயரமான தூண்கள் வைத்த வெள்ளை வீடுகள், சன்னல்களில் மரப்பலகை அடைப்புகள். ராஜவீதியிலேயே ஒரு கன்னியர் மடமும் பள்ளியும் இருக்கக் கண்டு எங்களுக்கு ஏதோ உறவினர் வீட்டைக் கண்டாற்போல் இருந்தது.

ஆனால் டென்மார்க்குக்கு இங்கே என்ன வேலை? வரலாற்று ஆசிரியை நடந்துகொண்டே சொன்னதை மூச்சு வாங்கக் கேட்டோம். நான் பிறகு நூலகத்தில் பார்த்துச் சரிசெய்துகொண்டேன்.

போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கீழை நாட்டு வியாபாரத்தில் கொழிப்பதைக் கண்டு, டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1616இல் தாமும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்க அனுமதி தந்தார். 1618இல் கப்பல்கள் புறப்பட்டன. தலைவர் ஓவ கெட்டே என்பவர், இருபத்து நான்கு வயதும் நிரம்பாத இளைஞர். அவர்கள் புறப்பட்டது தமிழ்நாட்டுக்கு அன்று, இலங்கைக்கு! கண்டி மன்னரின் தூதர் என்று சொல்லிக்கொண்டு கோபன்ஹேகனுக்கு வந்த ஓர் ஒல்லாந்தர், போர்த்துக்கீசியரை எதிர்க்க உதவினால் வியாபார உரிமை கிடைக்கும் என்று டென்மார்க் மன்னரை நம்பவைத்திருந்தார். அந்த மனிதரோ நடுவழியிலேயே இறந்துபோனார். ஒன்றரை ஆண்டுக் கடற்பயணத்தில் நோயால் பலர் மாண்டனர். 1620இல் ஒருவழியாக இலங்கை சேர்ந்தால், அந்த ஒப்பந்தத்தை ஏற்கமுடியாது என்றுவிட்டார் கண்டி மன்னர்.

‘கண்டி’ என்ற சொல்லைக் கேட்டதும் நான் வரிசையில் முன்னே ஓடி ஆசிரியைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

இதற்கிடையில் முன்னதாக அனுப்பப்பட்ட ஒரு கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்த்துக்கீசியர் தாக்கி மூழ்கடித்தனர். அதன் தலைவர் ரோலண்ட் கிராப்பும் சிலரும் உயிர் தப்பிக் கரையேறித் தஞ்சை நாயக்கர் அரண்மனையை அடைந்தனர். அப்போது ஆண்டவர் இரகுநாத நாயக்கர். வீணையிலும் தெலுங்கு, வடமொழிப் புலமையிலும் பெயர் பெற்றவர். கடற்கரையில் போர்த்துக்கீசியர் மட்டும் கோலோச்சுவதை விட இன்னொரு வெள்ளைக்காரக் கூட்டமும் வந்து போட்டியிட்டால் தமக்கு நல்லது என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகைக்கு ஒரு மீனவக் கிராமமும், கோட்டை கட்டிக்கொள்ள உரிமையும் கிடைத்தன. டென்மார்க் மன்னருக்கு இரகுநாதர் தங்கத் தகட்டில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். அதன் வாசகம் தமிழ். அவர் கையொப்பமிட்டது தெலுங்கில். கோபன்ஹேகன் அரசு ஆவணக் காப்பகத்தில் அந்தத் தகடு இன்றும் இருக்கிறது. டேனியக் கம்பெனிகளின் ஆவணங்கள் 1997இல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவு’ப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன.

அவர்கள் முக்கியமாக விரும்பியது மிளகு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தஞ்சைச் சீமை நெல் விளையும் பூமி. மிளகுக்கொடி அங்கே ஏது? நம் கூடலூரில் சில்வர் ஓக் மரம்தோறும் சுற்றிக்கொண்டு கிடக்கிறதே, அதைத் தேடித்தான் உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்து, விளையாத இடத்தில் இறங்கினார்கள்! ஆனால் சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணிக்கு எல்லா நாட்டுச் சந்தையிலும் மதிப்பு இருந்தது. அந்தத் துணியைக் கொண்டு போய்க் கிழக்கே மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றிக்கொண்டார்கள். தரங்கம்பாடியில் துறைமுகம் என்று ஒன்றும் இல்லை. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். மூட்டைகளையும் மனிதர்களையும் அலையைக் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நம் கரையோரப் படகோட்டிகள். அவர்கள் பெயர் ஒன்றையும் நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

மணி 8.30. சீயோன் ஆலயத்தை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு (1701இல் டேனியர்கள் தங்களுக்கெனக் கட்டியது) எதிரே புதிய எருசலேம் ஆலயத்துக்குள் நுழைந்தோம். இது 1718இல் கட்டப்பட்டது. முகப்பில் கிரீடமும், நான்காம் பிரடெரிக் மன்னரின் பெயர் முத்திரையும், கட்டிய ஆண்டும் உள்ளன. சிலுவை வடிவில் நான்கு கைகளும் சமமாக அமைந்த கட்டடம். பீடத்தின் ஒரு பக்கத்தில் சீகன்பால்குவின் கல்லறையும், மறு பக்கத்தில் அவருடன் பணியாற்றிய கிரண்ட்லரின் கல்லறையும் இருக்கின்றன.

பர்த்தலோமேயு சீகன்பால்கு டேனியர் அல்லர், ஜெர்மானியர். டென்மார்க் மன்னர் அனுப்பி 1706 சூலை 9ஆம் நாள், புளுட்சோ என்ற தோழருடன் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார். வயது இன்னும் 24 நிரம்பவில்லை. (ஓவ கெட்டேயும் இதே வயது. அக்காலத்து இளைஞர்கள் பொதுத்தேர்வு எழுதாமலேயே எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்றவள் முணுமுணுத்தாள்.) கம்பெனி அதிகாரிகளுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. சீகன்பால்கு திண்ணைப் பள்ளியில் சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் கற்றார். 1707இல் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். ஏழைகளின் பக்கம் நின்று பேசியதால் ஆளுநரின் பகைக்கு ஆளாகி, 1708, 1709இல் நான்கு மாதம் கோட்டைச் சிறையில் கிடந்தார். 1719இல், தம் 36ஆம் வயதில் மறைந்தார்.

அவர் பெயர் நிலைப்பதற்குக் காரணம் அச்சகம். அச்சுப்பொறி இங்கிலாந்திலிருந்தும், தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்தும் வந்தன. வந்த எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்ததால் காகிதம் கட்டுபடியாகவில்லை. இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

இவ்விடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை மூண்டது. அங்கிருந்த ஒரு பெரியவர், “தமிழில் முதன்முதலில் அச்சடித்ததே இந்த ஊரில்தான், பாப்பா” என்று பெருமையாகச் சொன்னார். இல்லை, 1578இலேயே கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டுவிட்டார் என்று என் தோழி ஒருத்தி மறுத்தாள். சண்டையைத் தீர்த்துவைத்தவர் ஆசிரியை: முதல் தமிழ் அச்சு நூல் கொல்லத்தினுடையதுதான், ஆனால் அந்த முயற்சி சில நூல்களோடு நின்றுவிட்டது. தமிழ்நாட்டு மண்ணில் அச்சுத் தொழில் விடாமல் வேரூன்றி நின்றது தரங்கம்பாடி அச்சகத்துக்குப் பிறகுதான். பெரியவரும் தோழியும் ஆளுக்குப் பாதி வெற்றியை எடுத்துக்கொண்டார்கள்.

நம் பாடநூலில் படிக்கும் வீரமாமுனிவரும் இதே காலத்தவர் (1680 – 1747). அவருக்கும் தரங்கம்பாடிக்காரர்களுக்கும் சமய வாதம் கடுமையாக நடந்தது. அவர்களை மறுத்து ‘வேதவிளக்கம்’ எழுதினார். வெளிநாட்டிலிருந்து வந்த இரு தரப்பினர் ஒருவரையொருவர் தமிழில் திட்டிக்கொண்டதால் தமிழ் உரைநடை வளர்ந்தது என்று ஆசிரியை சொன்னபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கல்லறையின் முன் எங்கள் அருட்சகோதரி சற்று நேரம் தலை குனிந்து நின்றதைக் கண்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

இன்னொரு செய்தி. சீகன்பால்கு தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி மக்களிடம் கேட்டுக் கேட்டு 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். உம்மை அனுப்பியது அவர்கள் சமயத்தை ஒழிக்கத்தானே, அதை இங்கே பரப்புவதற்கா என்று மேலிடத்தார் அச்சிட மறுத்துவிட்டனர். அது அச்சேறியது 1867இல்!

மணி 9.00. கோட்டை திறக்க இன்னும் நேரமிருந்ததால் கடலோரமாக மாசிலாமணி நாதர் கோயிலுக்குச் சென்றோம். டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி என்று இங்குள்ள கல்வெட்டால் தெரிகிறது. கடல் சிறிது சிறிதாக நெருங்கிக் கோயிலின் கிழக்குப் பகுதியைக் கொண்டுபோய்விட்டது. மேலும் அரிக்காதிருக்க இப்போது பெரிய பெரிய கருங்கற்களைக் கரையில் கொட்டி வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை இந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை. மீனவர் குப்பத்தில் பெரும் உயிர்ச்சேதம். அதற்குப் பின்னர்தான் நம் நாட்டவரும் டென்மார்க் நாட்டவரும் சேர்ந்து இங்குள்ள பழைய கட்டடங்கள் பலவற்றைப் புதுப்பித்தார்கள்.

இந்தக் கடற்காற்றில் ஓசோன் நிறைய இருப்பதால் உடம்புக்கு நல்லது என்று வழியில் ஒருவர் சொல்ல, நாங்கள் எல்லோரும் மூக்கை விரித்து இழுத்தோம். அறிவியல் ஆசிரியை, “மேலே இருக்கும் ஓசோன்தான் நமக்குக் குடை, கீழே இருந்தால் நுரையீரலுக்குக் கேடு. சும்மா கடல்காற்று என்று நினைத்து இழுங்கள்” என்றார். அவரே இன்னொன்றும் சொன்னார். 1768இல் இந்த ஊருக்கு மருத்துவராக வந்த கோனிக் என்பவர், தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். சோழமண்டலக் கரையின் செடிகொடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர் நினைவாகத்தான் நம் கறிவேப்பிலைக்கு ‘கோனிகி’ என்று அறிவியல் பெயர். தினம் சாம்பாரிலிருந்து எடுத்து இலையோரம் ஒதுக்குகிறோமே, அதன் பின்னால் ஒரு தரங்கம்பாடி மருத்துவர்!

கடல் என் முன்னால்தான் இருந்தது. ஆனால் நாற்பது பேர் சூழ நிற்கும்போது எப்படிக் கூப்பிடுவது? யாரை என்று கேட்டால் என்ன சொல்வது? கேலி செய்வார்களே என்று கூச்சப்பட்டேன். கடைசிப் பத்து நிமிடம் கடற்கரையில் தனியாக ஓர் ஓரம் போய்க் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று மனத்துக்குள் ஒத்திப்போட்டேன்.

கோட்டைக் கதவு திறந்தபோது எங்களுக்கு மிச்சமிருந்தது முப்பத்தைந்தே நிமிடம். உடனே அருட்சகோதரி அறிவித்தார்: “கடற்கரை கிடையாது. கோட்டையிலிருந்து நேரே பேருந்து.”

கோட்டையின் பெயர் டான்ஸ்போர்க். 1620இல் கட்டத் தொடங்கியது. நான்கு மூலையிலும் கொத்தளங்கள்; செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள். கீழ்த்தளத்தில் பண்டகசாலை, சமையலறை, சிறை. மேல்தளத்தில் ஆளுநரும் போதகரும் வாழ்ந்த அறைகள். ஒரு காலத்தில் சுற்றிலும் அகழியும் தூக்குப்பாலமும் இருந்தன. டென்மார்க்கில் குரோன்போர்க் என்றொரு கோட்டை இருக்கிறது. ஷேக்ஸ்பியர் தம் ஹாம்லெட் நாடகத்தை நடக்கவிட்ட இடம் அது. டேனியர் கட்டிய கோட்டைகளில் அதற்கு அடுத்த பெரியது இதுதான் என்று சொல்கிறார்கள். 1979 முதல் இங்கே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளது. டேனியக் காசுகள், பீங்கான்கள், வாள்கள், பீரங்கிக் குண்டுகள் எல்லாம் பார்த்தோம், அல்லது பார்த்ததாக நினைத்துக்கொண்டு கடந்தோம். “நகருங்கள், நகருங்கள்” என்ற குரல்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

என்னை நிறுத்தி வைத்தது ஆசிரியை சொன்ன ஒரு சம்பவம். டென்மார்க் ஐரோப்பாவில் போர்களில் சிக்கிப் பணமிழந்தது. 1639க்குப் பிறகு 1669 வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள், தாய்நாட்டிலிருந்து இந்தக் கோட்டைக்கு ஒரு கப்பல்கூட வரவில்லை! காசில்லை, கடிதமில்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராக நோயில் இறந்தார்கள். கடைசியில் எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே என்பவர், பெரிய அதிகாரி ஒருவரும் இல்லாத நிலையில், உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டே கோட்டையைக் காத்தார். ஊருக்கு மதிலும் எழுப்பினார். செலவுக்கு வங்காளக் கப்பல்களைக் கொள்ளையடித்ததும் உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. 1669இல் ஒரு கப்பல் வந்தபோது கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. முப்பது வருடம் அந்த மதில்மேல் ஏறிக் கடலைப் பார்த்தவர்கள் எத்தனை தடவை கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார்கள்!

இதைக் கேட்டதும் நான் வரிசையைவிட்டு விலகி, கடல் பக்கத்து மதில்மேல் ஏறிவிட்டேன். கீழே அலை, எதிரே கடல். வாயைத் திறக்கப் போனபோது பின்னால் ஒரு குரல்: “என்ன செய்கிறாய்?” புவியியலில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் என் தோழி. வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். “நேரே பார்த்தால் கிழக்கு, அந்தமான்தான் வரும். இலங்கை தெற்கே. வலப்பக்கம் திரும்பு. இன்னும் கொஞ்சம். இப்போது கூப்பிடு.”

கூப்பிட்டேன். முதலில் குரல் வரவில்லை. இரண்டாம் முறை பெரிதாக வந்துவிட்டது. கீழே நின்ற அருட்சகோதரி அண்ணாந்து பார்த்தார். திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “மெதுவாக இறங்கி வா” என்று மட்டும் சொன்னார்.

பேருந்தில் ஏறியபோது மணி 10.40. பார்க்காமல் விட்டவை பல: டேனிய ஆளுநர் மாளிகையின் உட்புறம், பழைய கல்லறைத் தோட்டம், சீகன்பால்கு வாழ்ந்த வீட்டிலுள்ள அருங்காட்சியகம், பொறையாறு. அடுத்த ஆண்டு செல்லும் தங்கைகள் வேளாங்கண்ணியிலிருந்து முதல் நாள் மாலையே வந்து தங்கிவிடுவது நல்லது. அதற்கு வழியில்லை என்றால் வாயில், ஆலயங்கள், கோயில், கோட்டை என்ற வரிசையில் போங்கள்; எல்லாம் நடை தூரத்தில்தான். மாற்றுச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று புறப்படும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரின் பிற்காலக் கதையை மயிலாடுதுறை போகும் வழியில் கேட்டோம். வியாபாரம் நொடித்துப் போகவே, 1845இல் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் டேனியர்கள் ஆங்கிலக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். அதற்குள் இருந்த மனிதர்களை யாரும் கேட்கவில்லை; காலையில் ஒரு கொடி, மாலையில் வேறு கொடி. 1861இல் ரயில் பாதை நாகப்பட்டினத்துக்கு வந்தது. வியாபாரமும் அந்தப் பக்கம் போய்விட்டது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கும் 1926இல் ஒரு ரயில் பாதை போட்டார்கள். 1986இல் அதுவும் நின்றுபோயிற்று. ஊர் பெரிதாக வளரவில்லை. அதனால்தான் பழைய தெருக்கள் அப்படியே தப்பின என்றார் ஆசிரியை. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

மறுநாள் பகலில் கூடலூர் வந்து சேர்ந்தோம். நல்ல மழை. அப்பாயி அடுப்பங்கரையில் இருந்தார். ஐம்பது ரூபாயில் மிச்சம் இருபதைக் கொடுத்தேன். அவர் அதை எண்ணிப் பார்க்கவில்லை.

“கூப்பிட்டியா?”

“கூப்பிட்டேன் அப்பாயி.”

“எந்தப் பக்கம் பாத்து?”

“வலப்பக்கம். தெற்கே.”

“அதான் சரி” என்று சொல்லிவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.